எனக்கு நானே ஊதிக்கொண்ட சங்கு

பயந்தாங்கொள்ளிகளை நம்பி எந்த வேலையை வேண்டுமானாலும் கொடுக்கலாம், சத்தம் போடுகிற வேலையை மட்டும் கொடுக்கக் கூடாது. இதை நான் ஒரு பயந்தாங்கொள்ளியாகவே சொல்கிறேன். குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் அடுப்படியைக் காலி செய்துவிடும் ரகம் நான். கரப்பான்பூச்சி, வைவா, பேங்க் கவுன்ட்டர், டிரெயினில் எதிர் சீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் என்று எனக்குப் பயம் வராத பொருள் இந்த உலகத்தில் குறைவு.

இது பரம்பரைச் சொத்து. எங்கள் நைனா கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஆபரேட்டர். அந்தக் கம்பெனியின் சங்கு எங்கள் வீட்டு மொட்டைமாடி வரைக்கும் கேட்கும். ஒரே நீட்டாக ஊதினால் ஷிப்டு மாறுகிறது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி அலறினால் காஸ் கசிகிறது. மற்ற வீடுகளில் நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டியபோது எங்கள் வீட்டில், "ஈரத்துணிய மூக்குல கட்டிக்கோ, காத்து எந்தப் பக்கம் போவுதுன்னு பாரு, அதுக்குக் குறுக்கால ஓடு" என்று சொல்லித்தான் ஊட்டினார்கள். (அப்படி ஊட்டிய சோறு உடம்பில் எங்கே ஒட்டும்?)

இப்படிப்பட்ட நான் திருவள்ளூர் பக்கம் ஒரு காலேஜில் விஸ்காம் சேர்ந்தேன். கடைசி வருஷத்தில் ஒரு செமஸ்டர் பாதி வகுப்பு, பாதி சினிமா கம்பெனியில் இன்டர்ன்ஷிப். வேலை திருப்தி என்று கம்பெனி லெட்டர் கொடுத்தால் பாஸ். கொடுக்காவிட்டால் அந்த செமஸ்டரே போச்சு.

நைனாவுக்கு சினிமா என்கிற கம்பெனி கடைசிவரை பிடிபடவில்லை.

"ஷிப்டு எத்தினி மணிக்கு உடுவாங்க?"

"தெரியாது நைனா. பேக்கப் சொல்ற வரைக்கும் இருக்கணும்."

"சேப்டி ஆபீசர் கீறாரா?"

"அதெல்லாம் இல்ல நைனா."

"அப்பறம் இன்னா கம்பெனி அது?" என்றார். "சரி, போய்ட்டு வா. லெட்டர் இல்லாம வந்தின்னா, எங்க ஆபீஸ்ல டைப் அடிக்க ஆளு கேக்கறாங்க. சேத்து உட்ருவேன்."

அதாவது ஆயுசு முழுக்க அந்தச் சங்குக்குக் கீழேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த லெட்டருக்காக எதையும் செய்வேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஒரு வெப் சீரிஸ் யூனிட்டில் சவுண்டு பிரிவில் என்னைப் போட்டார்கள். அந்தப் பிரிவுக்குப் பெரியவர் பிரபா அண்ணன். காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. ஷாட்டுக்கு முன்னால் "சைலன்ஸ்" என்று கத்துவது என் வேலைகளில் ஒன்று. நான் கத்தினால் அதுவே சைலன்சாகத்தான் இருக்கும்.

இயக்குநர் என்னை "ஏய் இன்டர்ன்" என்றுதான் கூப்பிடுவார். லெட்டரில் கையெழுத்து போட வேண்டியவர் அவர். அவர் இந்தப் பக்கம் திரும்பினாலே நான் பிரபா அண்ணன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

ஒரு நாள் காலையில் லொக்கேஷன் எங்கே என்று பார்த்தால், எங்கள் தொழிற்பேட்டையில் மூடிக் கிடந்த ஒரு இரும்பு பட்டறை. அதன் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் யார் என்று நினைக்கிறீர்கள்? நைனாவின் கம்பெனிதான்.

ஸ்ட்ரைக் காட்சி. மண்டை உடைந்து ரத்தம் வழிய ஹீரோ வெளியே வரும்போது சங்கு ஊத வேண்டும், துணை நடிகர்கள் சிதறி ஓட வேண்டும். "சங்கு லைவா கேட்டாதான் இவங்க முகத்துல பயம் வரும்" என்றார் இயக்குநர். பிரபா அண்ணன் பட்டறைக் கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டினார், கோயில் திருவிழாவுக்குக் கட்டுவார்களே, அந்த சைஸில்.

சங்குச் சத்தம் யாரிடம் இருக்கிறது என்ற பேச்சு வந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "என்கிட்ட இருக்கு சார்" என்றேன். வகுப்பு அசைன்மென்டுக்காக எங்கள் மொட்டைமாடியில் நின்று நானே பதிவு செய்தது. முதலில் ஷிப்டு சங்கைப் போட்டுக் காட்டினேன்.

"என்ன இது, ஸ்கூல் பெல் மாதிரி இருக்கு? பயமே வரலையே. வேற இல்லையா?"

இருந்தது. கம்பெனியில் முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒத்திகை நடத்திய அன்று பிடித்தது, ஏறி இறங்கி அலறும் அந்தச் சங்கு. ஆரம்பத்தை மட்டும் ஹெட்போனில் அவருக்குக் கேட்க வைத்தேன். அவர் கண் பளபளத்தது.

"இதான். இதப் போடு."

"சார், ஆனா பக்கத்துல..."

"பக்கத்துல என்ன?"

"ஒண்ணுமில்ல சார்."

அந்த 'ஒண்ணுமில்ல'வுக்காக என்னை நானே இன்றைக்கும் திட்டிக்கொள்கிறேன். ஆனால் அன்றைய கணக்கு வேறு. காஸ் கசிவு என்றைக்கோ ஒரு நாள் வரலாம், வராமலும் போகலாம். இயக்குநர் தினமும் வருகிறார். சத்தத்தைக் குறைத்து வைத்துச் சமாளித்துவிடலாம் என்று பிரபா அண்ணனிடம் போனேன். "அண்ணா, மெதுவா வைங்கண்ணா" என்றேன். ஹெட்போனுக்குள்ளிருந்து கட்டைவிரலைக் காட்டிவிட்டு, முழுசாகத் திருகி வைத்தார்.

"ஆக்‌ஷன்."

நான் அழுத்தினேன். கூரை அதிர்ந்தது. துணை நடிகர்கள் நடிக்கவே இல்லை, நிஜமாகவே ஓடினார்கள். இயக்குநர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன். லெட்டர் கைக்கு வந்த மாதிரியே இருந்தது.

அப்போது, தொழிற்பேட்டை முழுக்கக் கேட்கும்படி, இரண்டு குழாயிலும் எங்கள் அம்மா பேசினாள்.

"ஏ பவானி, மழ வர்து பாரு. மாடில துணி காயுது, எடுத்துனு வாடி. காதுல இன்னா பஞ்சா வச்சினுகீற?"

பதிவு செய்த அன்று அம்மா என்னைக் கூப்பிட்டது. கடைசிவரை கேட்டுச் சரிபார்க்காதது என் புத்திசாலித்தனம். ஓடிக்கொண்டிருந்த துணை நடிகர் ஒருவர் நின்று வானத்தைப் பார்த்தார். இயக்குநர் "கட்" என்றார். நான் லேப்டாப்பை நிறுத்தினேன்.

அம்மா நின்றாள். சங்கு நிற்கவில்லை.

லேப்டாப்பை மூடினேன். வயரையும் பிடுங்கினேன். அப்போதும் ஏறி இறங்கி, ஏறி இறங்கி அலறிக்கொண்டே இருந்தது. சத்தம் மதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. கூடவே பூட்ஸ் கால்கள் ஓடும் சத்தம்.

பக்கத்துச் சங்கு கேட்டால் தானும் சங்கை அமுக்க வேண்டும் என்பது அங்கே கேட் வாட்ச்மேனுக்குச் சொல்லி வைத்திருக்கும் விதி. அவர் கடமையைச் செய்திருக்கிறார். இது எனக்கு அப்புறம்தான் தெரியும். அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். புலி வருது புலி வருது என்று நான் கத்தினேன், நிஜப் புலியே வந்துவிட்டது.

அதற்கப்புறம் என் மூளை வேலை செய்யவில்லை, சின்ன வயதில் ஊட்டிய சோறு வேலை செய்தது. ஈரத்துணி வேண்டும். தண்ணீர் கேன் காலி. ஹீரோவுக்காக வெட்டி வைத்திருந்த இளநீரைத் துப்பட்டாவில் கொட்டி மூக்கில் கட்டினேன். எதிரே கொடிக்கம்பத்தைப் பார்த்தேன், காற்று கிழக்கே போனது. குறுக்காக, தெற்கே பிடித்தேன் ஓட்டம்.

திரும்பிப் பார்த்தால் மொத்த யூனிட்டும் என் பின்னால். என்ன செய்கிறோம் என்று தெரிந்த முகம் அங்கே என்னுடையது மட்டும்தான் போலிருக்கிறது. (துப்பட்டா கட்டியிருந்ததால் முகம் தெரியவில்லை, அதுவும் ஒரு காரணம்.) இயக்குநர் மூச்சிரைக்க, "எந்தப் பக்கம்மா? எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். 'ஏய் இன்டர்ன்', 'அம்மா' ஆகியிருந்தாள்.

நைனா கம்பெனி ஆட்கள் வந்து கூடும் வேப்பமரத்தடியில் போய் விழுந்தோம். அவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஹீரோவின் மண்டையில் ரத்தத்தைப் பார்த்த முதலுதவிக்காரர்கள் அவரைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் போட்டார்கள். "சார், இது மேக்கப்" என்றார் அவர். "பேசாதப்பா, மயக்கம் வரும்" என்று அவர் வாயைப் பொத்தினார்கள்.

நான் வரிசை வரிசையாக நைனாவைத் தேடினேன். காணவில்லை.

"உங்க நைனாவா? அவரு எமர்ஜென்சி டீம்மா" என்றார் அவருடைய ஷிப்டுக்காரர் ஒருவர். "மாஸ்க் மாட்டிக்கினு உள்ள போயிருக்காரு."

எல்லோரும் வெளியே ஓடிவரும்போது எங்கள் நைனா மட்டும் உள்ளே போகிறவர் என்பது அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. வீட்டில் அவர் சொன்னதே இல்லை. லெட்டர், இயக்குநர், டைப் அடிக்கும் வேலை எல்லாம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. வாக்கி டாக்கியோடு நின்ற சேப்டி ஆபீசர் முன்னால் போய் நின்றேன்.

"சார், மொதல்ல ஊதுனது நாந்தான். அது ஷூட்டிங். எங்க நைனாவ வெளிய கூப்புடுங்க சார்."

இவ்வளவு குரல் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. வேப்பமரத்தடி மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பிரபா அண்ணன்கூட ஹெட்போனைக் கழற்றிவிட்டார். இயக்குநர் தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்தார். எனக்குச் சங்கு ஊதியாகிவிட்டது என்று புரிந்தது.

ஆபீசர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாக்கி டாக்கியில் பேசினார். கொஞ்ச நேரத்தில் நீட்டாக ஒரு சங்கு ஊதியது, எல்லாம் சரி என்று அர்த்தம். கேட்டைத் தாண்டி நைனா வந்தார். மாஸ்க்கைக் கழற்றிய முகம் வேர்த்து ஊற்றியது. நேராக என்னிடம் வந்தார். அறை விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அன்னிக்கு அந்தத் துணிய எடுத்தியா, இல்லியா?"

"இல்ல நைனா. நனஞ்சிடுச்சி."

"நெனச்சேன்."

"அம்மா குரல்னு உனக்கு அப்பவே தெரிஞ்சிடுச்சா? அப்பறம் ஏன் உள்ள போன?"

"சங்கு ஊதிடுச்சில்ல. போய்ப் பாத்துட்டுதான் வரணும்" என்றார். ஹெல்மெட் கையிலிருந்து நழுவி விழுந்தது, எடுத்தார், மறுபடியும் விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் பயந்தால் ஓடுகிறேன். இவர் இத்தனை வருஷமாகப் பயந்துகொண்டேதான் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.

யூனிட்டை அன்றைக்கே மூட்டை கட்டச் சொன்னார்கள். மன்னிப்புக் கடிதம், அபராதம் என்று இயக்குநருக்கு அந்த வாரமே பேஜாராகப் போனது. நான் இனி அந்தப் பக்கம் வரக்கூடாது என்பதற்காகவே என் லெட்டரில் அவசரமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதில் அவர் கைப்பட எழுதியிருந்தது: "ஒலிப்பதிவில் மாணவியின் தாக்கம் தொழிற்பேட்டை முழுவதும் உணரப்பட்டது." எங்கள் துறைத் தலைவர் அதைப் பாராட்டு என்று நினைத்து வகுப்பில் வாசித்துக் கைதட்டச் சொன்னார். நானும் தட்டினேன்.

இன்றைக்கு எனக்குச் சோறு போடுவது சத்தம்தான். எந்தப் பதிவாக இருந்தாலும் கடைசிவரை கேட்டு, அம்மா இல்லை என்று தெரிந்த பிறகே அனுப்புகிறேன். அம்மாவுக்கோ பெருமை தாங்கவில்லை. மைக் இல்லாமலே பேசிப் பழகியவள், குழாயில் பேசியது கடலோரத்துக் காட்டுப்பள்ளி வரைக்கும் கேட்டதாக உறவில் சொல்லி வைத்திருக்கிறாள்.

நைனா ரிட்டயர் ஆகிவிட்டார். இப்போதும் சாப்பிடும் நேரத்தில் தொழிற்பேட்டைப் பக்கம் சங்கு ஏறி இறங்கினால், நான் தட்டை வைத்துவிட்டு எழுந்து பாதி வாசல் போயிருப்பேன். நைனா மட்டும் பிசைந்த கையைத் தூக்கி எங்களை அடக்கிவிட்டு, காதைத் தீட்டிக் கேட்பார்.

"பொறு, பொறு. துணிய எடுக்கச் சொல்றாங்களான்னு பாப்போம். சொல்லலன்னாதான் ஓடணும்."