சைக்கிள் பாதையில் போகத் தகுதி உடையவை

சாலை எல்லோருக்கும் பொது என்பதில் அரசாங்கத்துக்கு என்றைக்குமே சந்தேகம் இருந்ததில்லை. லாரிகளுக்குத்தான் இருந்தது.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் உப்பளம். சைக்கிளில் போகிறவர்கள் வெள்ளைக் கோட்டுக்கும் உப்புத் தண்ணீருக்கும் நடுவே கிடைக்கிற ஒரு முழ இடத்தில் தங்கள் குடிமை உரிமையை அனுபவித்துக்கொண்டு போவார்கள்.

ஜெயஷீலா டீச்சரும் அப்படித்தான் அனுபவித்து வந்தார். பிறந்தது நாசரேத், வாழ்க்கைப்பட்டது தூத்துக்குடி. துறைமுகம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு நடத்துகிறார். முட்டு வலிக்கு டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். எந்தச் சாலையில் என்று சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, நீளமான டிரெய்லர் ஒன்று டீச்சரை உரசினாற்போல் ஒதுங்கியது. டீச்சர் சைக்கிளோடு உப்பளத்தில் கிடந்தார். லாரி நின்றது. டிரைவர் பேச்சிராஜா, சாத்தான்குளத்துக்காரர், பதறிப்போய் இறங்கி ஓடிவந்தார்.

"டீச்சர், கண்ணாடியில உங்க தலை தெரிஞ்சுது. தலைக்கு இடம் இருக்குன்னுதான் ஒதுக்குனேன். உடம்பு ஒண்ணு கூட வாரது தோணாமப் போச்சு."

முழங்கை எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் பேச்சிராஜாதான். மாவுக்கட்டோடு டீச்சர் புகார் சொல்லக் கிளம்பியபோது அவரும் கூடவே வந்தார்.

"இடிச்சவனே சாட்சிக்கு வந்தா சீக்கிரம் முடிஞ்சிரும்லா?" என்றார்.

இப்படிப்பட்ட விஷயங்களுக்கென்றே 'சாலைப் பகிர்வு நல்லிணக்க அலுவலகம்' என்று ஒன்று இருந்தது. அதன் அதிகாரி சிவப்பிரகாஷ், சைக்கிளை உயிராய் மதிப்பவர். புதிதாக ஒரு வெளிநாட்டு சைக்கிள் வாங்கியிருந்தார். ஞாயிறுதோறும் அதைக் கார் கூரையில் கட்டிக் கடற்கரைக்குக் கொண்டுபோய், உடம்பைப் பிடிக்கும் உடுப்பு போட்டு, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து, மறுபடி கூரையில் கட்டிக் கொண்டுவருவார். ஊரில் பெரிய மனிதர்கள் பலருக்கும் அப்போது இதே உடற்பயிற்சிதான்.

"உங்களுக்கும் லாரிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருந்தது?" என்று கேட்டார்.

"இருந்திருந்தா நான் ஏன் சார் இங்க வாரேன்?"

"ஒன்றரை மீட்டர் இருக்க வேண்டும். அதை நீங்கள் ஏன் பராமரிக்கவில்லை?"

"நானா? அவருல்லா தள்ளிப் போகணும்?"

"அம்மா, அவர் பெரிய கன்டெய்னரைத் தூக்கிக்கொண்டு வருகிறார். நீங்கள் சைக்கிள். இரண்டு பேரில் யாருக்குத் தள்ளிப்போவது சுலபம்?"

"தள்ளித்தான் போனேன். உப்பளத்துல கெடந்தேன்."

"அது தள்ளிப்போவதில் சேராது. சாலையை விட்டு முன்னறிவிப்பின்றி வெளியேறுதல்."

பேச்சிராஜா குறுக்கிட்டார். "சார், தப்பு என் மேலதான்."

"உணர்ச்சிவசப்படாதீர். தப்பு யார்மேல் என்று அலுவலகம் ஆராயும்."

அலுவலகம் ஆராய்ந்தது. டீச்சரின் கட்டைப் பிரித்த வாரமே ஆணையும் வந்தது. எலும்பு கூடுகிற வேகத்தில் ஒரு அரசு அலுவலகம் நடந்தது அதுவே முதல் முறை. சைக்கிள் ஓட்டுவோர் பாதுகாப்பான இடைவெளியைத் தாங்களே உடன் கொண்டுசெல்ல வேண்டும்; ஆகவே சைக்கிளின் வலப்பக்கம் ஒன்றரை மீட்டர் மூங்கில் கம்பு நீட்டிக் கட்டி, நுனியில் சிவப்புத் துணி பறக்கவிட வேண்டும்; சமத்துவம் கருதி இடப்பக்கமும் அவ்வாறே.

டீச்சர் கட்டினார். உண்மையைச் சொல்ல வேண்டும், லாரிகள் ஒதுங்கிப்போயின. புது பெயின்ட் அடித்த லாரிகள் இன்னும் ஒதுங்கிப்போயின. டீச்சருக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அன்றைக்குத்தான் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள்.

"உங்க வண்டி மூணரை மீட்டர் அகலம் வருது," என்றார் அங்கிருந்த காவலர்.

"ஆமா. நானே கூட்டிப் பார்த்தேன்."

"அப்ப இது அகலச் சரக்கு. காத்தாலைக்கு இறக்கை ஏத்திட்டுப் போற வண்டிக்கு உள்ள சட்டம்தான் இதுக்கும். முன்னால ஜீப் போகணும். பின்னால ஒரு ஆள் கொடி பிடிச்சு வரணும். அதுவரைக்கும் ஓரமா நில்லுங்க."

சிவப்பிரகாஷ் பெருந்தன்மையானவர். ஜீப்பும் ஆளும் அவரே கொடுத்தார். மறுநாள் முதல் சைரன் ஊதிக்கொண்டு ஜீப் ஊர்ந்தது. அதன்பின் டீச்சர் மிதித்தார். அவருக்குப் பின்னால் கொடிக்காரர் மூச்சு வாங்க ஓடினார். அவருக்கும் பின்னால் லாரிகள் பக்கத்து ஊரான புதுக்கோட்டை வரைக்கும் நின்றன. மிளகாய் வத்தல் வரும் என்று காத்திருந்த கப்பல் பொறுமையிழந்து கிளம்பிப் போனது. டீச்சர் போய்ச் சேரும்போது கணக்குப் பாடவேளை முடிந்து பிள்ளைகள் சந்தோஷமாக இருந்தார்கள்.

"டீச்சர்," என்றார் பேச்சிராஜா, வரிசையில் நின்ற லாரியிலிருந்து எட்டிப் பார்த்து. "முன்ன நீங்க ஒருத்தர்தான் விழுந்தீங்க. இப்ப நாங்க மொத்தமா விழுந்து கெடக்கோம்."

கப்பல் கம்பெனிகள் கத்தின. அலுவலகம் மறுபடி ஆராய்ந்தது. இம்முறை சாலையையே நீளவாக்கில் பிரித்து, ஒரு பாதிக்குப் பச்சை பெயின்ட் அடித்து, 'சைக்கிள் பாதை: சைக்கிள் தவிர எதுவும் செல்லாது, சைக்கிள் வேறெங்கும் செல்லாது' என்று பலகை நட்டார்கள். திறப்பு விழாவுக்குப் பந்தல், நாதஸ்வரம். முதல் சைக்கிளாக டீச்சர் வர வேண்டும் என்று அழைப்பு.

டீச்சரால் உள்ளே நுழைய முடியவில்லை. பாதை மூன்று மீட்டர். டீச்சர் மூன்றரை. கம்பைக் கழற்றினால் பழைய ஆணையை மீறியதாகும். வாசலிலேயே நின்றார்.

அப்போது சிவப்பிரகாஷின் கார் வந்தது. கூரையில் வெளிநாட்டு சைக்கிள். கார் நேராகப் பச்சைப் பாதையில் திரும்ப, காவலர் கையை நீட்டினார்.

"சார், இது சைக்கிளுக்கு மட்டும்."

"மேலே பாரும். அது என்ன?"

"சைக்கிள் சார். ஆனா வண்டி மேலல்லா இருக்கு."

"அந்தச் சைக்கிள் சாலையில் செல்கிறதா, இல்லையா?"

"செல்லுது சார்."

"சைக்கிள் வேறெங்கும் செல்லலாமா?"

காவலர் பலகையைப் படித்தார். மறுபடியும் படித்தார். சல்யூட் அடித்தார். நாதஸ்வரம் முழங்க, கார் சைக்கிள் பாதையில் போயிற்று.

ஓரத்தில் நின்ற லாரியிலிருந்து பேச்சிராஜா குதித்தார்.

"டீச்சர், கம்பைக் கழட்டுங்க. சைக்கிளைக் கேபின் மேல கட்டுதேன். நீங்க உள்ள ஏறுங்க."

"ஏன் தம்பி, சட்டம் ஒத்துக்கிடுமா?"

"இப்பதான சல்யூட் அடிச்சுது?"

டீச்சர் ஏறினார். மேலேயிருந்து பார்க்கச் சாலை ரொம்ப அழகாக இருந்தது. கடல் தெரிந்தது. முழங்கை வலிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு மணியடிக்கும் முன்பே போய்விட்டார்.

அதற்கப்புறம் யாரைப் பிடிக்க முடியும்? லாரிகள், வேன்கள், மினிபஸ், கல்யாண வண்டி, எல்லாவற்றின் தலையிலும் சைக்கிள். கடைகளில் சைக்கிள் தீர்ந்து, குழந்தைகளின் மூன்று சக்கர வண்டியைக் கட்டிக்கொண்டு போனார்கள். ஆம்புலன்ஸ்கூட ஒன்று வைத்திருந்தது. சாலையின் மறுபாதி காலியாக, அழகாகக் கிடந்தது. சைக்கிள் அதில் போகக்கூடாது. மாவட்டத்தில் சைக்கிள் பயன்பாடு வரலாறு காணாத அளவுக்கு உயர்ந்துவிட்டதாக சிவப்பிரகாஷுக்கு விருது கொடுத்தார்கள். மேடைக்கு அவர் நடந்தே வந்தார், எளிமையானவர்.

டீச்சருக்கு பேச்சிராஜா லாரியில் நிரந்தர இடம். ஒரு நாள் காலை பச்சைப் பாதையில் லாரி திடீரென்று மெதுவானது. பின்னாலிருந்து ஹாரன்கள் அலறின. முன்னே உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற ஆள் ஒருவர், தூக்குவாளி ஹேண்டிலில் ஆட, சாவகாசமாக மிதித்துக்கொண்டு போனார்.

முதல் பாடவேளையே டீச்சர் பரீட்சை வைக்க வேண்டும். ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"ஏ அண்ணாச்சி! கண்ணு தெரியலையா? இது சைக்கிள் போற பாதைன்னு எழுதிப் போட்டிருக்கே!"

அந்த ஆள் நின்றார். தனக்குக் கீழே ஒருமுறை பார்த்தார். டீச்சருக்கு மேலே ஒருமுறை பார்த்தார்.

பிறகு, "மன்னிச்சுக்கிடுங்க டீச்சர்," என்று சொல்லி இறங்கி, சைக்கிளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தார்.