தொண்ணூற்று நான்கு பிணங்கள்

"இவரு எப்ப செத்துப்போனாரு?"

கேள்வி ஏணியின் உச்சியிலிருந்து வந்தது. சிகுசா தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஏசி ரிப்பேர்காரர் ஸ்க்ரூ டிரைவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவள் மேசையிலிருந்த படத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு?"

"படத்துல இருக்கிற தம்பிதான். அங்கியில வலது பக்கம் மேல வந்திருக்கே. செத்தவங்களைச் சவப்பெட்டியில படுக்க வைக்கிறப்பதானே அப்படி மடிச்சுக் கட்டுவாங்க?"

சிகுசா படத்தைப் பார்த்தாள். அதற்கடுத்த படத்தையும் பார்த்தாள். பிறகு அச்செடுத்து வைத்திருந்த மொத்தக் கட்டையும் மடமடவென்று புரட்டினாள். தொண்ணூற்று நான்கு படங்கள். அனிமேஷன் தொடரின் ஏழாவது பகுதியில் பதினோரு பேரை வெட்டிச் சாய்த்துவிட்டுக் கோவில் படிகளில் ஏறப்போகிற நாயகன், தொண்ணூற்று நான்கிலும் தகனத்துக்குத் தயாராக நின்றான்.

காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. வாளைப் புத்தகம் பார்த்து வரைந்திருந்தாள். அங்கிக்கு மட்டும், குளியலறை அங்கியை மாட்டிக்கொண்டு கைபேசியில் தன்னைத்தானே படம் எடுத்து, அதைப் பார்த்து வரைந்திருந்தாள். கைபேசி கண்ணாடி மாதிரி இடத்தை வலமாகக் காட்டும் என்பது மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். சிகுசாவுக்கு இருபத்தாறு வயது.

பயப்பட அவளுக்குத் தனிக் காரணம் இருந்தது. இந்தத் தோக்கியோ ஸ்டூடியோவில் வேலைக்கு மனுப் போட்டபோது 'கெண்டோ, மூன்று வருடம்' என்று எழுதியிருந்தாள். மூங்கில் வாள் சண்டை தெரிந்த ஓவியர் கிடைத்தாரே என்று டைரக்டர் இவாசே சண்டைக் காட்சிகளை அப்படியே அவள் தலையில் கட்டிவிட்டார். பள்ளியில் கெண்டோ குழுவில் அவள் மூன்று வருடம் இருந்தது உண்மைதான். ஆனால் அங்கே அவள் பார்லி டீ கலக்கினாள், வியர்வைத் துண்டு துவைத்தாள். வாளைத் தொட்டது ஒரே ஒருமுறை, அதன்மேல் தடுக்கி விழுந்தபோது.

இந்தப் பகுதியோடு அவளுடைய தகுதிகாண் காலம் முடிகிறது. வாள்வித்தை ஆலோசகர் ஒகிட்சு ஆசான் படங்களுக்குச் சரி சொன்னால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் நுமாசுவுக்கு ரயில் ஏறி, அத்தையின் கருவாட்டுக் கடையில் மீன் பிளக்க வேண்டும். அத்தை ஏற்கெனவே அவள் அளவுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கி வைத்துவிட்டதாகக் கடிதம் போட்டிருந்தாள்.

ஆசான் இரண்டு மணிக்கு வருவார். இப்போது பத்தரை.

கணினியில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் படம் இடவலமாகத் திரும்பிக்கொள்ளும். தொண்ணூற்று நான்கு முறை அழுத்தினாள். அங்கியின் இடது பக்கம் மேலே வந்துவிட்டது. தன் புத்திசாலித்தனத்தைத் தானே மெச்சி ஒரு மிடறு டீ குடித்தாள்.

"தம்பி பிழைச்சுட்டாரு," என்றது ஏணி. "ஆனா வாள் வலது இடுப்புக்குப் போயிடுச்சே. குறுகலான தெருவுல எதிர்ல வர்றவன் உறைமேல இவர் உறை இடிச்சா அது பெரிய அவமானம், அன்னைக்கே ரெண்டு கொலை விழும்."

சிகுசா டீயை விழுங்க மறந்தாள். படத்தோடு சேர்ந்து வாளும் திரும்பியிருந்தது. தொண்ணூற்று நான்கு வாள்களையும் அழித்து, இடது இடுப்பில் வரைந்தாள். மணி பன்னிரண்டரை ஆனது. வியர்வை திரையில் சொட்டியது.

ஏசியும் சரியாகவில்லை. இந்த ரிப்பேர்காரர் ஆறு வியாழக்கிழமைகளாக வருகிறார். மூடியைத் திறந்து பார்ப்பார், மூடுவார், மறுபடி திறந்து பார்ப்பார். கடைசியில் கண்ணை மூடி, மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கி, 'ஏய்' என்று ஓர் அதட்டல் போட்டு, உள்ளங்கையால் ஒரே ஓர் அடி அடிப்பார். ஏசி பயந்துபோய் இரண்டு மணி நேரம் ஓடும். தொழில் தெரியாதவன்தான் இயந்திரத்தை அடிப்பான் என்று நிர்வாகி தொகிதா அவர் காதுபடவே சொல்வார். ரிப்பேர்காரர் ஏணியில் நின்றபடியே குனிந்து மன்னிப்புக் கேட்பார்.

"இடது இடுப்புல இருக்கிறதை இடது கையாலயே உருவறாரே," என்றார் அவர். "மணிக்கட்டு சுளுக்கிக்கும்."

"நீங்க ஏசியைப் பாருங்களேன்."

"மன்னிக்கணும்," என்று குனிந்தார். ஏணி ஆடியது.

சொன்னது சரி என்பதுதான் எரிச்சல். படம் திரும்பியதில் கையும் மாறியிருந்தது. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே தொண்ணூற்று நான்கு கைகளையும் மாற்றினாள். இப்போது வலது கை வயிற்றைத் தாண்டி இடது இடுப்புக்குப் போனது. உடல் மட்டும் பழைய பக்கமே வளைந்திருந்தது. ஒருவழியாகத் தப்பித்தோம் என்று அவள் நினைத்தபோது ஏணியிலிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"பர்ஸைத் தொலைச்சுட்டாரா?"

அவள் படத்தை மறுபடி பார்த்தாள். முகபாவம்கூடப் பொருத்தமாக இருந்தது.

சரியாக இரண்டு மணிக்கு ஒகிட்சு ஆசான் வந்தார். குள்ளமான, கூச்சம் நிறைந்த மனிதர். ஸ்டூடியோவில் எல்லோரும் எழுந்து இடுப்பு வரை குனிந்தார்கள். இருப்பதிலேயே பெரிய திண்டைப் போட்டு, கதவுக்கு எதிரே மரியாதைக்குரிய இடத்தில் உட்கார வைத்தார்கள். ஆசான் பேசுவதே இல்லை. படங்களை முன்னால் விரித்தால், அவற்றைப் பார்க்காமல் கூரையைப் பார்ப்பார். நீண்ட பெருமூச்சு விடுவார். பிறகு 'ம்ம்' என்பார். அந்தப் பெருமூச்சைப் பற்றி டைரக்டர் தன் குறிப்பேட்டில் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தார்.

புதிதாக அச்செடுத்த படங்கள் விரிக்கப்பட்டன. தொண்ணூற்று நான்கு நாயகர்கள் பர்ஸ் தேடினார்கள்.

அதே சமயம் ஏணியில் 'ஏய்' என்று அதட்டல் எழுந்தது, 'டொம்' என்று அடி விழுந்தது. ஆசானின் முகம் பல்வலிக்காரர் முகம்போலச் சுருங்கியது. கூரையைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். 'ம்ம்' மட்டும் வரவில்லை.

டைரக்டரின் முகம் வெளுத்தது. வாளை உருவும் விதத்தில் ஆசானுக்குத் திருப்தியில்லை போலும் என்று தானே முடிவு செய்துகொண்டு, சிகுசாவை அழைத்தார்.

"நீதான் மூணு வருஷம் கத்துக்கிட்டவளாச்சே. ஆசான் முன்னாடி ஒருதரம் உருவிக் காட்டு."

"வாள் இல்லையே," என்றாள் சிகுசா, கடைசி நம்பிக்கையோடு.

தொகிதா வாசலிலிருந்து ஒரு குடையை எடுத்துவந்து கொடுத்தார்.

அவள் மண்டியிட்டாள். குடையை இடது இடுப்பில் செருகினாள். முப்பது கண்கள். காதுக்குள் நுமாசுக் கடற்கரையின் காக்கைச் சத்தம் கேட்டது. எந்தக் கை, எந்தக் கால் என்று ஒன்றும் புரியாமல் அவள் விழித்தபோது, தலைக்கு மேலிருந்து கிசுகிசுப்பாக ஒரு குரல் வந்தது.

"இடது கட்டைவிரலால முதல்ல அழுத்தணும். அப்புறம்தான் உருவணும்."

வாளாக இருந்திருந்தால் அது சரியான யோசனை. கட்டைவிரல் உறையிலிருந்து வாளைத் தளர்த்தியிருக்கும். குடையில் அந்த இடத்தில் ஒரு பொத்தான் இருந்தது.

குடை 'படக்' என்று விரிந்தது. பார்லி டீக் கோப்பை பறந்தது. தொண்ணூற்று நான்கு படங்களும் அறை முழுக்கச் சிதறின. டைரக்டரின் மூக்குக்கண்ணாடி ஒரு குடைக்கம்பியில் தொங்கியது. சிகுசா அந்தக் குடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ரப்பர் பூட்ஸ் காலுக்குச் சரியாக இருக்குமா என்று யோசித்தாள்.

"ம்ம்," என்றார் ஆசான், அவசரமாக. யாராவது தன்னிடம் ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்தவர்போல.

அறை மூச்சை விட்டது. டைரக்டர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். அவர் கண்ணில் நீர் ததும்பியது.

"குடை!" என்றார். "நாயகன் வாளைத் தேடுறான், இல்லை. கையில குடைதான் சிக்குது. கொல்ல வந்தவன் கொல்லாம மழையில குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். இதைத்தான் ஆசான் ஆறு வாரமாக் கூரையைப் பார்த்து நமக்குச் சொல்லிக்கிட்டிருந்தாரு."

எல்லோரும் ஆசானை நோக்கி ஒருமுறை குனிந்தார்கள். பிறகு, நம்பினால் நம்புங்கள், சிகுசாவை நோக்கியும் குனிந்தார்கள். வேலை நிரந்தரம் என்று டைரக்டர் அங்கேயே அறிவித்தார். திங்கட்கிழமைக்குள் தொண்ணூற்று நான்கு குடைகள் வேண்டும் என்றும் சொன்னார்.

சந்தோஷப்படத்தான் பார்த்தாள். முடியவில்லை. ஒரு மகானின் 'ம்ம்'மைப் பொய்யால் சம்பாதித்திருக்கிறோம் என்பது மீன்முள்ளாகக் குத்தியது. ஆசான் விடைபெற்றுப் புறப்பட்டதும் பின்னாலேயே ஓடி, செருப்பு வைக்கும் இடத்தில் பிடித்துவிட்டாள். தரை வரை குனிந்தாள்.

"ஆசானே, நான் கெண்டோ கத்துக்கவே இல்ல. மூணு வருஷமும் டீதான் போட்டேன். மனுவில பொய் எழுதிட்டேன்."

ஆசான் பதறிப்போய் அவளைவிடத் தாழக் குனிந்தார். அவள் இன்னும் தாழ்ந்தாள். அவரும் தாழ்ந்தார். கடைசியில் இரண்டு பேரும் செருப்புகளின் மட்டத்தில் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டார்கள்.

"நானும் ஒண்ணு சொல்லணும்மா," என்று அவர் முதல் முறையாக வாய் திறந்தார். "முதல் வியாழக்கிழமை லிஃப்ட்ல ரெண்டு பேர் வந்தோம். நான் முன்னாடி இறங்கிட்டேன். அவ்வளவு பேரும் குனிஞ்சாங்க, திண்டு போட்டாங்க. ஆள் மாறிப்போச்சுன்னு சொன்னா அவங்களுக்குத்தானே தலைகுனிவு? வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்துட்டேன். பின்னாடி வந்த பெரியவருக்கும் அதே கூச்சம். அவர் கையில ஏணியைக் கொடுத்தாங்க, மறுக்காம வாங்கிக்கிட்டாரு."

உள்ளேயிருந்து 'ஏய்' என்ற அதட்டலும் 'டொம்' என்ற அடியும் கேட்டன. அவர் முகம் மறுபடி சுருங்கியது.

"நாலு ஸ்க்ரூவைக் கழட்டித் தூசி தட்டினாப் போதும்மா, அந்த ஏசி பத்து வருஷம் ஓடும். ஆனா அதை ஒகிட்சு ஆசான்கிட்ட நான் எப்படிச் சொல்றது?"