ஒரு சொட்டும் ஒழுகாத தெரு

மனித நாகரிகத்தின் சிகரம் எது என்று கேட்டால், குழாய்க்குள் போன தண்ணீர் குழாய்க்குள்ளேயே இருப்பதுதான். இந்தப் பேருண்மையை நிலைநாட்டிய பெருமை, அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, பெயரைச் சொல்லாமல் விடுவதே மரியாதை என்று தோன்றுகிற ஒரு கரிசல் ஊருக்கு உரியது. அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது.

அவ்வூர்க் குடிநீர்க் கமிட்டி நெசவாளர் தெருவுக்குக் குழாய் பதித்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. தெருக்கோடியில் தண்ணீர் பிடிக்கும் குழாய் ஒரு மரப்பெட்டிக்குள் பூட்டுடன் சௌக்கியமாக இருந்தது. ஜில்லாவின் பெரிய அதிகாரி வந்து 'திறந்து வைக்கும்' வரை யாரும் தொடக்கூடாது. அவருக்கோ யுத்த வேலை. சாவி, கமிட்டித் தலைவர் ஜோதிலிங்கத்தின் இடுப்பில். ஆனால் நடுத்தெருவில், நெசவுக்காரி லிங்கம்மாள் வீட்டு வாசலில், இரண்டு குழாய்கள் சேருமிடம் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் ஒழுகியது.

குழாய் மாட்டும் பிட்டர் வீரணனுக்கு இது பெரிய தலைகுனிவு. அவன் கையால் மாட்டிய இணைப்பு அது. குழாயைச் சுற்றி ஒரு பித்தளை வளையம், அதன்மேல் ஒரு நட்டு. நட்டை முறுக்கினால் வளையம் நசுங்கிக் குழாயைக் கவ்வ வேண்டும். கவ்வவில்லை. இருந்தும் தெருவில் ஒருவர்கூட அவனைத் திட்டவில்லை. ஊருணிக்கு ஒன்றரை மைல் நடந்துகொண்டிருந்த பெண்கள், இப்போது அந்த ஒழுகலுக்கடியில் முறை வைத்துக் குடம் வைத்தார்கள். தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியும் அந்தத் தண்ணீரில்தான் கொதித்தது.

அதிகாரி வெள்ளிக்கிழமை வருவதாகக் கடுதாசி வந்தது. கமிட்டி அவசரமாகக் கூடிக் 'கசிவு ஒழிப்புத் தீர்மானம்' ஒன்றை ஏகமனதாக நிறைவேற்றியது. ஓவர்சியர் இன்பராஜ் வீரணனைக் கூப்பிட்டார்.

"அவுக பாக்கயில ஒரு சொட்டு விழுந்தாலும் உனக்கு வேலை கெடையாது. நல்லா முறுக்கு."

"இதுக்கு மேல முறுக்குனா வளையம் பொளந்துரும்ங்கய்யா. சணலச் சுத்தி வெள்ளைச் சபேதாப் பசையப் பூசுனா அடைச்சிரலாம்."

"சணல் பூராம் பட்டாளத்துக்குப் போயிருச்சு. நீ விசுவாசத்தோட முறுக்கு."

வீரணன் விசுவாசத்தோடு முறுக்கினான். வளையம் பிளந்து ஒழுகல் இரண்டு மடங்கானது. தெரு அவனுக்கு மோர் கொடுத்து உபசரித்தது. அவனுக்கு மோர் இறங்கவில்லை.

"என்னப்பா, மொகம் செத்துக் கெடக்கு?" என்றாள் லிங்கம்மாள்.

"வேலை போயிரும்க்கா. வீட்டுல நாலு வயிறு இருக்கு."

அவள் உள்ளே போய் ஒரு பிடி முறுக்கு நூலும் மெழுகும் கொண்டுவந்தாள். யுத்தத்துக்காகப் போட்ட நூல் கட்டுப்பாட்டில் நெசவாளர் வீடுகளில் பாதித் தறி தூங்கிய காலம் அது. வீரணன் மேல்தொட்டியில் தண்ணீரை நிறுத்திவிட்டு வந்து, மிச்சமிருந்த ஒரே வளையத்தை மாட்டி, நூலுக்கு மெழுகு தடவிச் சுற்றத் தொடங்கினான். லிங்கம்மாள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"எந்தப் பக்கம் சுத்துற? நட்டு ஏறயில நூலு அவுந்துராதா? நட்டு போற பக்கமே சுத்து. இழைய இழுத்துப் பிடி, தொய்ய விடாத."

"அக்கா, இத அடைச்சுட்டா தண்ணிக்கு எங்க போவீக?"

"கோட்டிக்காரா, வெள்ளிக்கெழம குழாயத்தான் தொறந்துருவாகளே. அப்புறம் ஒழுகலு எதுக்கு?"

நெசவுக்காரி இழை பார்த்துச் சுற்றவைத்த இணைப்பு ஒழுகுமா? வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். கழுத்தில் மாலை விழுந்தது. பெட்டி திறந்தது. அதிகாரி ஒரு தம்ளர் குடித்து, "அருமையான தண்ணீர்" என்றார். பிறகு இணைப்பைத் தம் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். கைக்குட்டை காய்ந்தே இருந்தது. மனம் நெகிழ்ந்து, 'ஒரு சொட்டும் வீணாகாத தெரு' என்று கமிட்டியின் பார்வையாளர் புத்தகத்தில் கைப்பட எழுதிவிட்டு மோட்டாரில் ஏறினார். மோட்டார் கிளப்பிய தூசி அடங்குவதற்குள் ஜோதிலிங்கம் பெட்டியைப் பூட்டினார்.

"ஏன் பூட்டுறீக?" என்றாள் லிங்கம்மாள்.

"தொறந்தா நீங்க குடம் வப்பீக. குடம் வச்சாக் கீழ சிந்தும். அவுக கைப்பட எழுதுனத நாம கெடுக்கலாமாம்மா?"

"அப்ப குடிக்கத் தண்ணி?"

"அதுக்குத் தனியா ஒரு கமிட்டி போடுறோம்."

வீரணனுக்கு நற்சான்றிதழ் கிடைத்தது, வேலையும் நிலைத்தது. சனிக்கிழமை காலையில் பெண்கள் குடங்களோடு அவனைத் தாண்டி ஊருணிக்குப் போனார்கள். லிங்கம்மாள் நின்று நாலு வார்த்தை ஏசியிருந்தால் அவன் தாங்கிக்கொண்டிருப்பான். அவள் பழக்கதோஷத்தில் இணைப்புக்கடியில் குடத்தை வைத்தாள், சுதாரித்துக்கொண்டு எடுத்தாள், ஊருணிப் பக்கம் திரும்பினாள். வீரணன் ஸ்பானரைக் கையில் எடுத்தான்.

"அக்கா, கொடத்த வைங்க," என்றான்.

பட்டப்பகலில், ஊர் பார்க்க, ஸ்பானரை மாட்டி நட்டை அரைச்சுற்று பின்னால் திருப்பினான். தெரு அன்றும் அவனுக்கு மோர் கொடுத்தது. இந்தத் தடவை இறங்கியது.

கமிட்டி சாயங்காலமே கூடி அவனை வேலையிலிருந்து நீக்கியது. நட்டைத் திரும்ப முறுக்க ஊரில் வேறு பிட்டர் இல்லை என்பது கூட்டம் கலைந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஆனாலும் தீர்மானம் தீர்மானம்தான். நெசவாளர் தெருவுக்குத் தண்ணீர் விட்டது வீரணன் செய்த குற்றம் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. கமிட்டி அங்கத்தினர் ஒன்பது பேரில் ஒருவர்மீதும் அந்தக் குற்றத்தை இன்றுவரை யாராலும் சுமத்த முடிந்ததில்லை.