முதல் கியரில் ஒரு வாசல்

மெக்கானிக்குகள் எல்லாரும் மடையர்கள். ஆகவே என் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது டிஃபரன்ஷியலை நானே மாட்டுவதென்று தீர்மானித்தேன். மனைவிக்கு இதெல்லாம் ஏறாது, உங்களுக்குச் சொல்கிறேன். பின்சக்கரம் இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து, இன்ஜின் பலத்தைப் பங்கு பிரித்துக் கொடுக்கிற இரும்பு உருண்டை அது. பழசு சோப்ளாங்கி. புதுசு சிங்கம்.

அவளுக்கோ என் ஷெட் மேல் கண். பின்பக்கத் தகரத்தில் வாசல் வெட்டினால் பின்தெரு ஜனங்கள் நேரே வந்து துணி தைக்கக் கொடுப்பார்களாம். சாக்பீஸால் அங்கே ஒரு வாசலே வரைந்து வைத்திருந்தாள். என் கார் உயிரோடு இருக்கும்வரை நடக்காது என்றேன்.

"அது எங்கங்க உயிரோட இருக்கு? வருஷக்கணக்கா பொணமா கெடக்கு."

"ஞாயித்துக்கிழமை பாரு. முதல் கியரப் போட்டு, முன்வாசல் வழியா ஜம்முன்னு வெளிய வரேன்."

"வரலைன்னா?"

"ஷெட்ட நீயே வெச்சுக்கோ!"

எனக்கு வேறு எதிரியே வேண்டாம். இந்த வாய் போதும்.

சனிக்கிழமை வேலை முடிந்தது. கார் இன்னும் ஜாக்கியில்தான் நின்றது. அவள் குனிந்து பார்த்தாள்.

"முதல் கியர்ல, இன்ஜின்லேர்ந்து வர்ற இந்தத் தண்டு எந்தப் பக்கம் சுத்தும்?"

காட்டினேன். அவள் கையால் சுற்றினாள்.

"என்னங்க, சக்கரம் பின்னாடி போகுதே! என் மெஷின்ல பெல்ட்ட மாத்தி மாட்டினாத்தான் இப்படி ஆகும்."

"தையல் மெஷினும் ஸ்போர்ட்ஸ் காரும் ஒண்ணா? போய் பட்டன் தை, போ!"

தையல் டேப்பை எடுத்து வந்து, காரின் பின்பக்க அகலத்தை அளந்துகொண்டு போனாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை ஒரே கரிசனம். "கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி நிறுத்துங்களேன்... இன்னும் ஒரு சாண்... ஆங், இப்பத்தான் லட்சணமா இருக்கு." கல்லுக்குள்ளும் ரசனை இருக்கிறதே என்று பூரித்துப்போய்த் தள்ளினேன்.

சாவியைத் திருப்பினேன். உறுமியது. முதல் கியர். கிளட்சை விட்டேன்.

ஐயோ! சிங்கம் பின்பக்கமாகப் பாய்ந்தது. தடதடவென்று, சாக்பீஸ் வாசல் இருந்த இடத்திலேயே தகரம் பிய்ந்தது. உருண்டைக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரத்தை மேதாவி நான் பக்கம் மாற்றி வைத்திருக்கிறேன். இப்போது என் காருக்கு முன்னால் போக ஒரே கியர், பின்னால் போக நாலு.

பிரேக் பிடித்தபோது பின்தெருவில் இருந்தேன். அங்கே அவளுடைய தம்பி, தச்சுவேலை பார்க்கிற தடியன், இரண்டு கைகளையும் விரித்து சைக்கிள்காரர்களை நிறுத்தி வைத்திருந்தான். பக்கத்தில் புத்தம்புதுக் கதவு நிலை ஒன்று சாய்ந்திருந்தது.

"அளவு சரியா இருக்காடா?" என்று உள்ளேயிருந்து அவள் கேட்டாள்.

அவன் ஓட்டைக்குக் குறுக்கே டேப்பைப் பிடித்துப் பார்த்தான்.

"கச்சிதம்க்கா! மாமா இவ்வளவு நல்லா வேலை செய்வார்னு எனக்குத் தெரியாமப் போச்சே!"