ரெக்கார்டரில் அக்கா வாய் திறந்த நேரம்

எங்கள் வீட்டுக்கு எந்த இயந்திரம் வந்தாலும், அதோடு வரும் சின்னப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவள் நான் ஒருத்திதான். அப்படிப் படிப்பவர்களுக்கு ஒரு நோய் வரும். இயந்திரம் தப்பே செய்யாது என்று நம்பிவிடுவோம். (புத்தகத்தில் எல்லாப் பக்கமும் அது ஒழுங்காக வேலை செய்வதாகத்தானே போட்டிருக்கும்.)

நான் தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். குத்துக்கல்வலசையில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர எட்டு மணி ஆகிவிடும். ஏழு மணித் தொடரில் யார் யாரை வீட்டைவிட்டுத் துரத்தினார்கள் என்று தெரியாமலே பல மாதம் ஓடியது. அதனால்தான் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வைக்கும் செட்டாப் பெட்டி ஒன்றை வாங்கினேன். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகன் போனில் சிரித்தான்.

“எம்மா, இந்தக் காலத்துல யாராவது ரெக்கார்டர் வாங்குவாங்களா? எல்லாம் போன்லயே வந்துருதே.”

“போன்ல வாறது கம்பெனிக்காரன் குடுக்கது. அவனுக்குத் தோணுனா எடுத்துருவான். பெட்டியில இருக்கது நம்மளுது,” என்றேன்.

எனக்கே புல்லரித்தது. அந்த வாக்கியத்தை அன்றைக்கே பக்கத்து வீட்டிலும் ஒருமுறை சொல்லிவிட்டு வந்தேன்.

பெட்டி வந்த வருஷம் சாரல் சீசன் நன்றாக இருந்தது. என் அக்காவும் அத்தானும் குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் பாதையில் பழக்கடை வைத்திருக்கிறார்கள். மங்குஸ்தான், ரம்புட்டான், சீசன் முடிந்தால் கொய்யா. அத்தான் நல்ல மனிதர். ஆனால் அக்காவிடம் யார் எதைக் கேட்டாலும் அவர்தான் பதில் சொல்வார். “அக்கா, காப்பி குடிக்கியா?” என்றால், “அவ இப்பந்தான் குடிச்சா” என்பார். “அக்கா, இந்தச் சேலை எப்பம் எடுத்த?” என்றாலும் அவரேதான். முப்பது வருஷமாக இப்படியே போய், அக்காவிடம் கேள்வி கேட்கும்போது எல்லோரும் அத்தான் முகத்தைப் பார்த்துக் கேட்கப் பழகிவிட்டோம்.

அந்த அத்தான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில்தான் ஏதோ ஒரு தொலைக்காட்சியிலிருந்து வந்து, கடையிலிருந்த அக்காவிடம் மைக்கை நீட்டியிருக்கிறார்கள்.

சேதி தெரிந்ததும் போன் போட்டேன். “என்னக்கா சொன்ன?”

“என்னமோ சொன்னேன். வெள்ளிக்கிழம ஆறரைக்குப் போடுதாவளாம். பாத்துக்கிடுங்க,” என்றாள். அதற்குள் பின்னாலிருந்து அத்தான் குரல் கேட்டது: “என்ன சொல்லியிருப்பா, சீசன் நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பா.” அக்கா போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் சுரண்டையில் அத்தானின் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். போகாமல் இருக்க முடியாது. அக்கா முதல்முறையாக டிவியில் வருகிறாள், அதையும் விட முடியாது. குடும்பமே திண்டாடியது. அப்போது நான் எழுந்து நின்று (உண்மையாகவே எழுந்து நின்றேன்) அறிவித்தேன்:

“எல்லாரும் நிம்மதியா கெளம்புங்க. பெட்டி பாத்துக்கிடும். ஞாயித்துக்கெழம நம்ம வீட்டுக்கு வந்துருங்க, விளம்பரமெல்லாம் ஓட்டிவிட்டுட்டு அக்காவ மட்டும் பாப்போம்.”

ஆறரை முதல் ஏழு வரை என்று நேரம் குறித்து வைத்தேன். மூன்று முறை சரிபார்த்தேன். சுரண்டை மண்டபத்தில் சாப்பாட்டுக்கூடத்துக்குப் பக்கத்து அறையில் ஒரு டிவி இருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் பாவம், “அக்கா வாறாவளாமே, போட்டுவிடட்டா?” என்று ரிமோட்டை எடுத்தார்.

“வேண்டாம் அண்ணாச்சி. இந்த இரைச்சல்ல ஒண்ணும் கேக்காது. வீட்டுல சுத்தமா பதிவாகிட்டு இருக்கு,” என்று அவர் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி, அலமாரிக்கு மேலே எட்டாத இடத்தில் வைத்தேன். அந்தக் காட்சி இப்போது நினைத்தாலும் என்னை நானே ஒரு தட்டு தட்ட வேண்டும்போல இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு முன்னறையில் இருபது பேர். வாழைக்காய் பஜ்ஜி, டீ. அக்காவை நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அவள் நிச்சயதார்த்தத்துக்குக் கட்டிய பட்டுச்சேலையையே மறுபடி கட்டியிருந்தாள். நான் ரிமோட்டோடு டிவி பக்கத்தில் நின்றேன். கழுத்தில் மாலை ஒன்றுதான் குறை.

பதிவு ஓடியது. யாரோ ஒரு தலைவர் பேசிக்கொண்டிருந்தார். “முன்னால போற நிகழ்ச்சி கொஞ்சம் நீண்டுருக்கும்,” என்று நான் விளக்கினேன். தலைவர் மேலும் பேசினார். ஓட்டிவிட்டேன். வேகமாகப் பேசினார். பிறகு விளம்பரங்கள். அதன்பின் ஒருவழியாக அருவி வந்தது. எண்ணெய் தேய்த்த முதுகுகள் வந்தன. குரங்குகள் வந்தன. அவை ஒவ்வொன்றையும் நிதானமாகக் காட்டினார்கள். மைக் பிடித்த பெண் நடந்து வந்தாள். பழக்கடை. மங்குஸ்தான் கூடைக்குப் பின்னால் அக்கா.

அறையே “ஏ” என்றது. திரையில் அக்கா முந்தானையைச் சரிசெய்தாள். அந்தப் பெண், “இந்த வருஷம் சீசன் எப்படிம்மா?” என்று மைக்கை நீட்டினாள். அக்கா கேமராவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

திரை நீலமானது. “பதிவு முடிந்தது. அழிக்கவா?” என்று பெட்டி கேட்டது. ‘ஆம்’ என்ற எழுத்தின்மேல் மஞ்சள் கட்டம் தயாராக நின்றது.

“எதையும் அமுக்கிராத,” என்றார் அத்தான் மெல்ல, பாம்பைப் பார்த்தவரைப் போல.

தலைவர் அரைமணி நேரத்தில் பெரும்பகுதியைத் தின்றிருந்தார். நிகழ்ச்சி தள்ளிப் போயிருந்தது. ஆனால் நான் குறித்து வைத்த ஏழு மணிக்குப் பெட்டி சொல் தவறாமல் பதிவை நிறுத்திவிட்டது. நான் நம்பவில்லை. திரும்பவும் ஓட்டினேன். மெதுவாக ஓட்டினேன். எத்தனை மெதுவாக ஓட்டினாலும் அக்கா வாயைத் திறந்தாள், அவ்வளவுதான்.

“பல்லு நல்லாத் தெரியுது,” என்றார் என் வீட்டுக்காரர், ஆறுதலாக.

எனக்கு அழுகை முட்டியது. எல்லாருக்கும் பார்க்க வழியிருந்தது. நான்தான் ஒவ்வொரு வழியாக அடைத்தேன். அக்கா முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் பஜ்ஜித் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது அத்தான்தான் கேட்டார். “சரிட்டி, என்னதான் சொன்னே?”

அவர் பதில் தெரியாமல் அக்காவிடம் ஒன்றைக் கேட்டு நான் பார்த்தது அன்றுதான். இருபது பேரும் அக்காவின் பக்கம் திரும்பினோம். அவள் சேலை மடிப்பைத் தடவிக்கொண்டே ஆரம்பித்தாள்.

“மழ பெய்யலன்னா அருவியில தண்ணி இல்ல. நல்லா பெஞ்சிட்டுன்னா குளிக்க விடமாட்டாவ. ரெண்டுக்கும் நடுவுல கொஞ்ச நாள் கெடைக்கும், அதுல தான் நாங்க வருசம் பூரா பொழைக்கோம்னு சொன்னேன்.”

அவள் தொடர்ந்தாள்.

“குளிச்சிட்டு வாறவன் நடுங்கிக்கிட்டே வாறான். அவன் சுக்குக்காப்பிதான் குடிப்பான், பழம் வாங்கமாட்டான். அவன் பெஞ்சாதி துணி மாத்த எடம் தேடிக்கிட்டு நிக்கா. அவளும் வாங்கமாட்டா. அவளுக்கு ஒரு நல்ல எடம் கெட்டிக் குடுத்தா எனக்கு ஏவாரம் ஆகும்னு சொன்னேன்.”

அத்தான், “அது என்னன்னா...” என்று ஆரம்பித்தார். “அத்தான், சித்த இருங்க,” என்று இரண்டு மூன்று பேர் சேர்ந்து சொன்னோம். அவர் வாயை மூடிக்கொண்டார். பஜ்ஜி ஆறும்வரை அக்கா பேசினாள்.

அன்று தொடங்கியதுதான். விருந்தாளி யார் வந்தாலும் பெட்டியைப் போடுவோம். அக்கா வாய் திறக்கும் இடத்தில் திரை நீலமாகும். அங்கிருந்து அக்கா நேரில் தொடர்வாள். வருஷத்துக்கு வருஷம் அவள் டிவியில் பேசிய பேச்சு நீண்டுகொண்டே போகிறது. ஐந்தருவிக்குப் பஸ் விடும் நேரம், கடை வாடகை, மங்குஸ்தானை அழுத்திப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்கள் என்று எல்லாம் அதில் சேர்ந்துவிட்டன. அந்த நீளத்தைப் பார்த்தால் அன்று அந்தச் சேனலில் வேறு எந்த நிகழ்ச்சியும் போட்டிருக்க முடியாது.

நடுவில் ஒருமுறை பெட்டிக்குப் பணம் கட்டாமல் விட்டோம். போனிலேயே எல்லாம் பார்க்கும்போது எதற்கு என்று நினைத்தோம். சந்தா இல்லாவிட்டால் பழைய பதிவும் ஓடாது என்று பெட்டி சொல்லிவிட்டது. வேறு எதிலாவது ஏற்றிக்கொள்ளலாமா என்றால் அந்தப் பெட்டியைத் தவிர எங்கேயும் திறக்காதாம். பெட்டியில் இருப்பது நம்முடையது என்று முழங்கியவள் வாயை மூடிக்கொண்டு பணம் கட்டினேன். அத்தான் கொடுத்த பணம் அது. கேட்காமலே கொடுத்தார்.

போன வருஷம் என் மகன் ஒரு காணொளி அனுப்பினான். அந்தச் சேனல்காரர்கள் பழைய நிகழ்ச்சிகளை இணையத்தில் போட்டிருக்கிறார்கள். முழுசாக இருந்தது. கடைக்குப் போய் அக்காவிடம் மட்டும் காட்டினேன். திரையில் அக்கா வாயைத் திறந்தாள். “நல்லா இருக்கும்மா. பழம் எடுத்துக்கிடுதியளா?” என்றாள். அடுத்த காட்சி குரங்கு.

அக்கா இரண்டு தரம் பார்த்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“நான் அடுத்தாப்புல சொல்லதுக்குள்ள அந்தப் பிள்ள மைக்கத் தூக்கிட்டுப் போயிட்டு,” என்றாள். பிறகு ஒரு பழத்தைப் பிதுக்கி எனக்குக் கொடுத்தாள். “மனசுல வச்சிருந்தத தான நான் சொல்லுதேன். இல்லாததையா சொல்லுதேன்?”

இல்லை என்றேன்.

இந்த வருஷம் அக்கா மகனுக்குக் கல்யாணம் ஆனது. அக்கா, அத்தானோடு மணமக்கள் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். வழக்கம்போலப் பெட்டியைப் போட்டோம். நான் தற்செயலாகப் புது மருமகளின் கையிலிருந்த போனைப் பார்த்தேன். அந்தக் காணொளி அதில் தயாராக இருந்தது. அவளுக்கு ஏற்கெனவே யாரோ அனுப்பியிருக்கிறார்கள். கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

திரையில் அக்கா வாயைத் திறந்தாள். நீலம்.

மருமகள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். நாற்காலியை அக்காவுக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“பெறகு என்ன சொன்னீங்க, அத்தை?”