மூன்றாம் மாடிக்கு வந்த பிசாசு

எங்கள் அப்பாவின் தொழில் பிசாசு.

சொன்னால் சிரிக்கிறார்கள். உண்மை அதுதான். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு டிவியில் ஒரு வெளிநாட்டுப் பேய்த் தொடர் வருகிறது. தமிழில் டப்பிங். நோயாளிகளைத் தொட்டே குணமாக்கிய ஒரு கன்னியாஸ்திரி செத்துப்போகிறார். அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கலாமா என்று விசாரிக்க ஒரு பாதிரியார் வருகிறார். கொடுக்கவே கூடாது என்று ஒரு பிசாசு ஒற்றைக்காலில் நிற்கிறது. சாட்சி சொல்ல வருகிறவர்கள் உடம்பில் எல்லாம் புகுந்துகொள்கிறது. பேக்கரிக்காரர், வாத்தியார், எட்டு மாதக் குழந்தை, யாரையும் விடுவதில்லை. உடம்புதான் மாறும். குரல் எப்போதும் எங்கள் அப்பா.

அந்தக் குரலைக் கேட்டு ஊரே நடுங்குகிறது. எங்கள் வீட்டில் அதே குரல், "உப்பு கொஞ்சம் கம்மியோ?" என்று கேட்க மூன்று நாள் எடுத்துக்கொள்ளும்.

எங்கள் வீடு மூன்றாவது மாடியில். இரண்டரை அறை. சண்டை எல்லாம் பின்னால் இருக்கும் அந்த அரை அறைக்குத்தான்.

அப்பாவுக்கு அது பயிற்சி அறையாக வேண்டும். இப்போது அவர் துணி பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் உறுமிப் பழகுகிறார். சத்தம் வெளியே போகக் கூடாதாம். ஒருநாள் சிலிண்டர் போட வந்தவர், பாதி மனிதர் பீரோவிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு கர்ஜிப்பதைப் பார்த்தார். சிலிண்டரை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவிட்டார்.

அம்மாவுக்கு அது பட்டறையாக வேண்டும். அம்மா செல்போன் ரிப்பேர் செய்பவர். இப்போதைக்குச் சாப்பாட்டு மேசைதான் பட்டறை. போன வாரம் என் தட்டில் இரண்டு திருகாணி கிடந்தது. "இரும்புச் சத்து, சாப்பிடு" என்றார்.

முதலில் யார் சாமான் உள்ளே போகிறதோ அவருக்கே அறை என்று இருவரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். மூடிப்போன ஒரு கடையிலிருந்து அம்மா இரும்பு பெஞ்சு ஒன்றை வாங்கிவிட்டார். ஆனால் அது இரண்டு வாரமாகக் கீழே மாடிப்படிக்கு அடியிலேயே கிடந்தது. காரணம், அப்பாவின் முதுகு. இரண்டு வருடமாக வலி. கனமான பொருளைப் பார்த்தாலே வலிக்கும். பார்க்காவிட்டால் வலிக்காது. அப்பா சொல்லிவைத்திருந்த ஒலித்தடுப்புப் பஞ்சுப் பலகைகள் திங்கட்கிழமை வருவதாக இருந்தன.

சனிக்கிழமை அப்பா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, நாட்டுக்குப் போர் அறிவிப்பவர் மாதிரி நின்றார்.

"நாளைக்கு எனக்குள்ள பிசாசு இறங்கும்."

"எதுக்கு?"

"என் பலகை வர்றதுக்குள்ள உங்கம்மா கூலிக்கு ஆள் வச்சு பெஞ்சை ஏத்திட்டா? அந்த ரூம் என்னோடதுன்னு அது சொல்லும். நான் சொன்னா உங்கம்மா கேக்க மாட்டா. அது சொன்னா கேப்பா. அந்தத் தொடரைப் பாத்துட்டு லைட்டைப் போட்டுக்கிட்டுதானே தூங்குறா?"

"அது உங்க குரல்னு அம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரியட்டுமே! எட்டு மாசமா பிசாசுக்குக் குரல் குடுக்கிறவனுக்குள்ள வராம, வேற யாருக்குள்ள வரும்? லாஜிக் பாரு."

"ராத்திரி வருமா?"

"ராத்திரி ஒன்பதுக்கு எனக்குத் தூக்கம் வந்துரும். காலைல பத்து மணிக்கு வரும். சாப்பிட்டுட்டு."

நான் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கும் பொழுது போக வேண்டாமா?

மறுநாள் காலை பத்து மணி. நாலாவது மாடி நர்ஸம்மா தன் போனைச் சரிசெய்ய வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அம்மா அந்தப் போனின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். திடீரென்று அப்பா சோபாவிலிருந்து விழுந்தார். மெத்தை இருக்கும் பக்கமாகப் பார்த்துத்தான் விழுந்தார். கண் மேலே செருகியது. வலது கை தானாகக் காதுக்குப் போய், இல்லாத ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டது.

"இந்த... அறை... என்னுடையது!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நர்ஸம்மா டீயைப் புடவையில் கொட்டிக்கொண்டார். அம்மா மட்டும் ஸ்க்ரூடிரைவரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"யாரு பேசுறது?"

"நான் நரகத்தின் ஏழாம் வாயிலைக் காப்பவன்!"

"வாட்ச்மேனா?"

"அற்பப் பெண்ணே! உன் கணவனின் உடல் இனி என்..."

அந்த இடத்தில் குரல் பிசிறிவிட்டது. அப்பா தொண்டையைக் கனைத்தார். "ஸாரி, இன்னொரு டேக் போயிடலாம்" என்றார். பிறகு "அற்பப் பெண்ணே!" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

நான் மின்விசிறியைப் பார்த்தேன். நர்ஸம்மா இருந்த நடுக்கத்தில் அவர் காதில் எதுவும் விழவில்லை. அம்மாவின் உதடு ஒரு பக்கம் துடித்தது. அதை உடனே நேராக்கிக்கொண்டார்.

"ஐயோ! நிஜமாவே வந்துருச்சே!" என்று அம்மா நெஞ்சில் கை வைத்தார். "நர்ஸம்மா, பாத்தீங்களா இந்த அநியாயத்தை?"

"பாத்தேனே! பேக்கரிக்காரருக்கு வந்த மாதிரியே இருக்கு!"

"இருங்க. எடுத்தவுடனே நம்பக் கூடாது. அந்தப் பாதிரியார் முதல்ல என்ன செய்வாரு? பிசாசா, பைத்தியமா, நடிப்பான்னு சோதிச்சுப் பாப்பாரு இல்ல?"

"ஆமாமா! பிசாசுன்னா அசுர பலம் இருக்கும். பேக்கரிக்காரர் கோயில் மணியையே பேத்துத் தூக்கினாரே, ஒத்தைக் கையால!"

"இவரு தண்ணி பாட்டிலைக்கூடத் தூக்க மாட்டாரு. இப்போ கனமா எதையாவது தூக்கினா பிசாசு. தூக்கலைன்னா நடிப்பு. நடிச்சாருன்னு மட்டும் தெரிஞ்சுது..."

அம்மா அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த மாதிரி வாக்கியங்களை முடிக்கத் தேவையில்லை.

அப்பாவின் ஒரு கண் மட்டும் கீழே இறங்கி என்னைத் தேடியது. நான் டீ குடித்தேன்.

"கீழ ஒரு இரும்பு பெஞ்சு கெடக்கு" என்றார் அம்மா.

"பிசாசு... எடுபிடி வேலை செய்யாது!"

"முடியாதோ?"

அவ்வளவுதான் கேட்டார். அப்பாவை மனிதராக வைத்துக் கேட்டிருந்தால், ஆமாம் முடியாது என்று சொல்லிவிட்டுப் படுத்திருப்பார். ஆனால் அந்தப் பிசாசை எட்டு மாதமாகக் கட்டிக் காத்தவர் அவர். அதற்கு ஓர் இழுக்கு வர விடுவாரா?

"நரகத்தின் வாயிலையே தாங்குபவன் நான்!" என்று கர்ஜித்துவிட்டுக் கீழே இறங்கினார். செருப்பைப் போட்டுக்கொண்டுதான் இறங்கினார்.

பெஞ்சோடு ஏறி முதல் மாடி வருவதற்குள் உறுமல் மாறிவிட்டது. தொடரில் வருவதைவிட நூறு மடங்கு நன்றாக இருந்தது. இது உண்மையான வேதனையின் உறுமல். திருப்பத்தில் பெஞ்சு சிக்கிக்கொண்டது. அம்மா பின்னாலிருந்து வழி சொன்னார்.

"கொஞ்சம் சாய்ங்க. இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம். பிசாசே, சுவத்துல பெயின்ட் போகுது, பாத்து!"

"நில்... பெண்ணே... மூச்சு..."

"செத்துப்போனவங்களுக்கு மூச்சு எதுக்கு?"

"நான்... சாகவில்லை... நான் பிறவிப்... பிசாசு..."

"அப்போ இன்னும் தெம்பா இருக்கணும். ம், தூக்குங்க!"

ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. இரண்டாவது மாடியில் ஒருவர் கை தட்டினார். "குரல் அப்படியே டிவில வர்ற மாதிரியே இருக்கு, சார்!" நாக்கு வெளியே தொங்கிய நிலையிலும் அப்பா அவரைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்பு சிரித்தார். பாராட்டு என்றால் அவருக்கு உயிர்.

பெஞ்சு பின்னறைக்குள் போனது. "ஜன்னல் பக்கம் வைங்க" என்றார் அம்மா. வைத்தார். "இல்ல, கண் கூசும், அந்தப் பக்கம்." வைத்தார். "ஜன்னல் பக்கமே நல்லா இருந்துச்சு." வைத்தார்.

பிறகு அம்மா ஸ்க்ரூடிரைவரை உயர்த்திப் பிடித்து, "போ!" என்றார். தொடரில் ஒரு உடம்பிலிருந்து பிசாசை ஓட்டப் பதினோரு நாள் ஆனது. இது அரை நொடியில் கிளம்பிவிட்டது. காத்துக்கொண்டிருந்த மாதிரி.

அப்பா தரையில் மல்லாந்து கிடந்தார். "நான் எங்கே இருக்கேன்? என்ன நடந்துச்சு?"

"பெஞ்சு வந்துருச்சு."

நர்ஸம்மாவுக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. "அற்புதம்! பிசாசை ஓட்டினது ஒண்ணு. முதுகு இன்னொண்ணு. இந்த முதுகுக்கு ரெண்டு வருஷமா மருந்து தேச்சு விட்டவ நான். எத்தனை டாக்டரு பாத்தும் தீராத முதுகு! ரெண்டு அற்புதம் ஆயிருச்சு. டிவில அந்த சிஸ்டருக்கே இன்னும் ஒண்ணுதான் நிரூபணம் ஆயிருக்கு. நீங்கதான்மா புனிதர்!"

"பெரிய வார்த்தை எல்லாம் வேண்டாம் நர்ஸம்மா" என்று அம்மா தலை குனிந்தார். குனிந்த தலை அழகாகத்தான் இருந்தது.

மதியத்துக்குள் செய்தி எல்லா மாடிக்கும் போய்விட்டது. குறட்டை விடும் கணவர், குளிக்காத கணவர், மாமியார் பேச்சை மட்டும் கேட்கும் கணவர் என்று நான்கு பெண்கள் வாசலில் நின்றார்கள். "போன் ரிப்பேர்தான் பாக்குறேன், புருஷன் ரிப்பேர் பாக்குறதில்லை" என்று அம்மா அனுப்பிவைத்தார். ஆனால் நான்கு போன்கள் ரிப்பேருக்கு வந்தன.

சாயங்காலம் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. இடுப்பில் கை வைத்தபடி பின்னறை வாசலில் வந்து நின்றார். அம்மா புது பெஞ்சில் உட்கார்ந்து ஒரு போனுக்குள் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். புகை வந்தது.

"இந்தா, ஒரு உண்மையைச் சொல்லணும். பிசாசும் இல்ல, பூதமும் இல்ல. நடிச்சேன். ஏமாத்தி உள்ள வந்த பெஞ்சு செல்லாது. ரூம் என்னோடது."

"நடிச்சீங்களா?"

"ஆமா."

"அப்போ பெஞ்சைத் தூக்கிட்டு வந்தது யாரு?"

"நான்தான்!"

"மூணு மாடி?"

"மூணு மாடி!"

"இந்த முதுகை வச்சுக்கிட்டா?"

ஊரிலிருந்து வந்தும் தொடாத மூட்டைகள், நகர்த்தாத பீரோ, நான் தனியாகத் தூக்கி வந்த வாஷிங் மெஷின், இரண்டு வருடமும் அப்பாவின் முகத்தில் வரிசையாக ஓடியதை நானே பார்த்தேன். அம்மா பற்றவைக்கும் கோலைக் கையில் பிடித்தபடி பொறுமையாகக் காத்திருந்தார்.

அப்பா என்னைப் பார்த்தார். வாஷிங் மெஷின் ஞாபகத்தில் நானும் அவரையே பார்த்தேன்.

"இல்ல" என்றார் கடைசியில், வீட்டுக் குரலில். "பிசாசுதான் தூக்குச்சு."

"அதானே பாத்தேன்" என்றார் அம்மா. "மறுபடியும் வந்தா சொல்லுங்க. பெஞ்சோட டிராயர் ரெண்டும் இன்னும் கீழதான் கெடக்கு."