கட்டில் வல்லரசு

மனித நாகரிகத்தின் உச்சம் கட்டில்தான் என்று உலகுக்கு உணர்த்திய பெருமை பல்கேரியாவையே சேரும். மக்கள்தொகைக்கு இத்தனை மருத்துவமனைக் கட்டில்கள் ஐரோப்பாவில் வேறு யாரிடமும் கிடையாது. பெருந்தொற்றுச் சாவிலும் நாங்கள் முன்வரிசைதான். எதிலும் பின்தங்குவது எங்கள் வழக்கமல்ல.

எங்கள் மருத்துவமனையில் ‘பன்னாட்டு ஒப்பீட்டுப் பிரிவு’ ஒன்று உண்டு. பிரிவு என்றால் நான் மட்டும். உயிரியல் பட்டதாரி. வரைபடம் போடுவேன், அதிகம் பேசமாட்டேன். அதனால்தான் எடுத்தார்கள்.

தொற்றின் இரண்டாம் ஆண்டில், டென்மார்க்கிலிருந்து கிர்ஸ்டன் என்ற சுகாதாரத் துறை அம்மையார் எங்களைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அவர்கள் நாட்டில் கட்டிலும் குறைவு, சாவும் குறைவு. பாவம்.

இயக்குநர் பிளாமென் வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தார். கம்பம், கதவு, மரம் எங்கும் இரங்கல் தாள்கள். ஒருவர் இறந்தால் படத்தோடு ஒட்டுவோம். நாற்பதாம் நாள் மறுபடி ஒட்டுவோம். ஆறாம் மாதமும் ஆண்டு நிறைவும் தப்பாது.

“ஐயையோ! அந்த வாஸில் கெழவன் செத்தது ஒரு தடவை. கம்பத்துல நாலு தடவை செத்திருக்கான்! அந்தம்மா எண்ணிட்டா?”

“அது மிகைக்கணக்கு ஆயிடும், சார்.”

“அப்போ கிழிம்மா!”

கிழித்தேன். அறிவியலுக்காக.

அப்போது செவிலி ருமியானா வெளியே வந்தார். நுரையீரல் பிரிவு முழுவதற்கும் அவர் ஒருவர்தான். கையில் ஜெர்மனி வேலைக்கான உத்தரவு.

“சார், இன்னும் ரெண்டு பேர் குடுங்க. இல்லேன்னா நான் கெளம்பிடுவேன். ஒருத்தருக்கு ஆக்சிஜன் மாத்துறதுக்குள்ள இன்னொருத்தருக்கு மூச்சு நின்னுடுது.”

“ரெண்டு என்ன, பத்தே தரேன்!”

“பத்து நர்ஸா சார்?” அவர் கண் கலங்கியது.

“பத்துக் கட்டில்!”

“கட்டில் எந்திரிச்சு ஆக்சிஜன் மாத்துமா?”

“கோவிச்சுக்காத சிஸ்டர். நாடுகளை ஒப்பிடுற பட்டியல்ல கட்டிலுக்குத்தான் மார்க்கு. உனக்கு ஒரு கட்டம்கூட இல்ல.”

ருமியானா அன்று மாலையே பேருந்து ஏறினார். அந்த வாரம் கம்பங்களில் புதிய தாள்கள் நிறைய முளைத்தன. தினமும் விடிந்ததும் கிழித்தேன்.

கிர்ஸ்டன் வந்தார். துடைத்த கம்பங்கள், பளபளக்கும் கட்டில்கள்.

“நோயாளிங்க எங்க?” என்றார்.

“இருந்தாங்க,” என்றார் இயக்குநர் அடக்கத்துடன்.

“நர்ஸுங்க?”

“அவங்களும் இருந்தாங்க.”

கிர்ஸ்டன் ஒன்றும் குறித்துக்கொள்ளாமல் போய்விட்டார். பொறாமை என்றார் இயக்குநர். ஒப்பீட்டு அறிக்கையை உடனே எழுதச் சொன்னார்.

“கட்டில்ல கொறையில்ல, நோயாளிங்கதான் ஒத்துழைக்கலன்னு எழுது. கடைசியில கம்பீரமா ஒரு வரி போடும்மா.”

போட்டேன்: ‘இப்பெருந்தொற்றில் நாங்கள் ஒரு கட்டிலைக்கூடப் பறிகொடுக்கவில்லை, மனிதர்களை மட்டுமே.’

இயக்குநர் மனம் நெகிழ்ந்து கையெழுத்திட்டார்.